காக்கட்டீலுக்கும் மகளுக்கும் நடுவே நான்கு டைல்

கடந்த ஜூலை மாத நடுவில், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த என் கணவரின் நண்பர் ஒருவர், தாம் மூன்று ஆண்டுகளாக வளர்த்துவந்த காக்கட்டீல் பறவையை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. நானும் கணவரும், ஐந்து வயது மகள் யாழினியும், மாதத்தில் பாதி நாள் எங்களோடு தங்கும் என் அம்மாவும் அதில் இருக்கிறோம். சாம்பல் நிற உடல், மஞ்சள் முகம், கன்னத்தில் பொட்டு வைத்தாற்போல் செம்மஞ்சள் வட்டம், தலையில் நிமிர்ந்தும் படிந்தும் மாறிக்கொண்டேயிருக்கும் கொண்டை என்று, பார்த்தவுடன் பிடித்துப்போகும் பறவை அது. பெயர் மிட்டு. கூண்டை இறக்கி வைத்துவிட்டு நண்பர் சொன்ன ஒரு சொல்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "பெரியவங்க கையில ஏறிக்குவான், சின்னப் பசங்களக் கண்டா மட்டும் ஆகாது." அவருடைய பக்கத்து வீட்டுச் சிறுவன் ஸ்கேலால் கூண்டுக் கம்பியைத் தட்டித் தட்டி விளையாடுவான் என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது.

எங்கள் வீட்டிலோ, பறவை வரப்போகிறது என்று கேட்ட நாளிலிருந்து தூங்காத ஒரு குழந்தை. இரண்டு பேரையும் எப்படிப் பழக்கினோம், எங்கே சறுக்கினோம் என்பதை நான் அன்றன்று எழுதிவைத்த நோட்டைப் பார்த்து இங்கே பதிகிறேன். நாள் கணக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கு. இன்னொரு வீட்டில் அது பாதியாகவும் இருக்கலாம், இரு மடங்காகவும் ஆகலாம்.

"கிளி வளர்க்கிறதுன்னா பச்சைக்கிளியே வளர்க்கலாமே?" என்று கேட்காத உறவினர் இல்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியையும் மலைக்கிளியையும் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரத்தடிச் சந்தையில் விற்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, சன் கனூர் போன்ற வெளிநாட்டுக் கிளிகளை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்தன. அந்தப் பதிவு, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கும் இனங்களுக்கு உரியது. காக்கட்டீல் அவற்றில் இல்லை. நம் ஊர்க் கடைக்காரர்கள் 'காக்டெயில்' என்று கூசாமல் சொல்லும் இந்தப் பறவை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது, காக்கட்டூ குடும்பத்திலேயே மிகச் சிறியது. நல்ல கவனிப்பில் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது என்பதை யாழினியிடம் சொன்னபோது, "அப்ப நான் காலேஜ் போறப்பவும் இருப்பானா?" என்று கேட்டாள். இதைப் பெரியவர்களும் பறவையை வாங்கிக்கொள்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வாரத்தில் குழந்தையைப் பறவையின் அருகே விடவே இல்லை. பயத்தைவிட நோய்தான் அதற்குக் காரணம். சிட்டக்கோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் பறவையின் எச்சத்திலிருந்தும் அதன் தூசியிலிருந்தும் மனிதர்களுக்குத் தொற்றக்கூடியது. நோயுற்ற பறவை வெளியே நலமாகவே தெரியலாம். பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் இரண்டாம் நாளே கொண்டுபோய், எச்சத்தைச் சோதித்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கூண்டு எங்கள் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. காக்கட்டீலின் உடலிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இந்த இனத்தை யோசித்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார். யாழினிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அன்று மிட்டுவின் எடை 84 கிராம். அதன்பின் தினமும் காலையில், தீனி வைப்பதற்கு முன்பு, சமையலறைத் தராசில் எடை பார்ப்பது வழக்கமாயிற்று. இடம் மாறிய பறவை பயத்தில் சாப்பிடாமல் இருந்தாலும் அதை மறைத்துக்கொள்ளும். தானியத்தை உடைத்து உமியைக் கிண்ணத்திலேயே போட்டு வைப்பதால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். தராசுதான் உண்மையைச் சொல்லும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். பத்தாம் நாள் 81 கிராமுக்கு இறங்கியது. அத்தோடு நின்று, மெல்ல ஏறத் தொடங்கியது.

அந்த வாரத்தில் நான் செய்த உருப்படியான வேலை கூண்டு வேலை. நண்பர் கொடுத்த கூண்டு கோயில் மணிபோல் மேலே குவிந்த வட்டக் கூண்டு. பார்க்க அழகாக இருந்தாலும் பறவைக்கு ஒதுங்க ஒரு மூலை அதில் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரலாம் என்ற நிலையில் இருக்கும் பறவை எப்படி நிம்மதியாக இருக்கும்? வெல்டிங் கடையில் சொல்லி, 30 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள செவ்வகக் கூண்டு ஒன்றைச் செய்வித்தோம். கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதற்கு மேல் அகன்றால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். ஜி.ஐ. கம்பியில் பூசிய துத்தநாகம் பறவைக்கு நஞ்சு என்பதால், கம்பி முழுவதையும் வினிகரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை உதிர்வு போகும்வரை இரண்டு முறை கழுவி, வெயிலில் காய வைத்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்க முடிந்தால் இந்தப் பாடு இல்லை. பழைய கூண்டில் உட்கார இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள்தான் இருந்தன. ஒரே தடிமனில் வழவழப்பாக இருக்கும் குழாயில் நாள் முழுக்க நின்றால் உள்ளங்காலில் புண் வரும். மாமனார் தோட்டத்துக் கொய்யாவிலிருந்து மருந்து படாத கிளைகளைச் சுண்டுவிரல் தடிமன், கட்டைவிரல் தடிமன் என்று வேறுவேறாக வெட்டி, பட்டையோடு கழுவிப் பொருத்தினோம். அந்தப் பட்டையை உரிப்பதிலேயே மிட்டுவுக்கு முதல் வாரம் போயிற்று. உள்ளே தொங்கிய கண்ணாடியையும் கழற்றிவிட்டேன். தனிப் பறவை கண்ணாடிக்குள் தெரியும் உருவத்தோடு ஒட்டிக்கொண்டால் மனிதர்களை அது ஏன் பொருட்படுத்தப் போகிறது?

கூண்டைக் கூடத்தின் மூலையில், இரண்டு பக்கமும் சுவர் வரும்படி வைத்தோம். சமையலறைப் பக்கம் கூடவே கூடாது. நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிக் காய்ந்தால் வரும் புகை, நமக்கு மணமே தெரியாதபோதும், பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவத்தியும் நின்றன. ஜன்னலுக்கு வலை அடித்தோம். அம்மாவுக்குச் சாம்பிராணியை விட மனமில்லாமல் இருந்தது, ஆனால் அவர்தான் பிறகு எல்லோரையும்விடக் கண்டிப்பானவர் ஆனார். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நம் வீடுகளின் சீலிங் ஃபேன். கூண்டுக் கதவு திறக்கும் முன் ஃபேன் நின்றிருக்க வேண்டும் என்பதற்காக, ஸ்விட்சின் மேல் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டி, அதில் பறவைப் படம் வரையும் பொறுப்பை யாழினிக்குக் கொடுத்தோம். தானே வரைந்த விதி என்பதாலோ என்னவோ, அவள் அதை ஒரு நாளும் மீறவில்லை. இரண்டு முறை மறந்தவர் என் கணவர்.

எட்டாம் நாள் பழக்கத் தொடங்கினோம். எங்கள் கூடத்தில் பதித்திருப்பது இரண்டு அடிக்கு இரண்டு அடி டைல்ஸ். கூண்டிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கு அடிக்கணக்கில் சொல்ல முடியாது. டைல்ஸ் கணக்கில் சொல்லலாம். முதல் நாள் நான்காவது டைலில், அதாவது எட்டடித் தொலைவில், கோரைப்பாயை விரித்து, கூண்டுக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி உட்கார வைத்தேன். கிளியைப் பிடித்துத் தின்பவை பெரும்பாலும் நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பவை. குழந்தைகளும் ஆசையில் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆகவே அவள் வேலை பறவையைப் பார்ப்பது அன்று. தன் படக்கதைப் புத்தகத்தை மெதுவான குரலில் படிப்பது. ஐந்து நிமிடம், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. மணி அடித்ததும் ஓடாமல் எழுந்து போய்விட வேண்டும்.

விதி ஒன்றுதான். மிட்டு நிம்மதியாக இருந்தால் மூன்று நாளைக்கு ஒருமுறை பாய் ஒரு டைல் முன்னேறும். பயந்தால் அன்றே ஒரு டைல் பின்னால் போகும். பயந்தானா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவள் யாழினி. இதற்குக் காக்கட்டீலைப்போல் வசதியான பறவை வேறில்லை, ஏனென்றால் அதன் மனநிலை தலைமேலேயே எழுதியிருக்கிறது. கொண்டை பின்னால் சாய்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தால் நிம்மதி. ஆணிபோல் செங்குத்தாக நின்றால் திகைப்பு. அது ஆர்வமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம் என்பதால் அசையாமல் காத்திருக்க வேண்டும். தலையோடு தலையாகப் படிந்து, வாயைத் திறந்து 'உஸ்' என்றால் பேச்சே இல்லை, விலகிவிட வேண்டும். இந்த மூன்றையும் ஓர் அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டினோம். நாலாம் நாளே அவள் என்னைத் திருத்தினாள். நான் மும்முரமாக அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, ஆணி. நீ எந்திரிச்சது அவனுக்குப் புடிக்கல" என்றாள். பார்த்தால், கொண்டை விறைத்து நின்றது. நான் எழுந்த வேகம் அப்படி.

இந்தக் கட்டம் மூன்று வாரம் ஆயிற்று. சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும், எல்லாம் இதிலேயே இருந்தது. மூன்றாவது டைலிலிருந்து இரண்டாவதற்கு வந்தபோது இரண்டு முறை பின்னால் போனோம். ஒருமுறை அவள் தும்மிவிட்டாள், இன்னொரு முறை வெளியே ஜன்னல் கட்டையில் காக்கை வந்து உட்கார்ந்தது. காக்கை செய்த குற்றத்துக்குத் தான் ஏன் பின்னால் போக வேண்டும் என்று அழுதாள். நியாயமான கேள்விதான். பறவைக்கு அந்தக் கணத்தில் காக்கையும் அவளும் ஒரே படத்தில் இருந்தார்கள் என்பதை விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. 27-ஆம் நாள் முதல் டைலில் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்து நறநறவென்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது. தூங்கப்போகும் முன் நிம்மதியாக இருக்கும் கிளி அலகின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் உரசிக்கொள்ளும் ஒலி அது. அவள் படிப்பதை நிறுத்தாமல், புத்தகத்துக்கு மேலே கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்தது தீனி. கடையில் மில்லட் ஸ்ப்ரே என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பதும் நம் தினைக்கதிரும் ஒரே பயிர்தான். சிறுதானியம் விற்பவரிடம் சொல்லிவைத்து, அடிக்காத முழுக்கதிராக ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன். குறிஞ்சிப் பாட்டுகளில் வரும் பெண்கள் பரண்மேல் ஏறிக் குளிர், தட்டை என்னும் ஒலிக் கருவிகளை அடித்துத் தினைப்புனத்துக் கிளிகளை ஓட்டுவார்கள். எங்கள் வீட்டில் அதே கதிரை நீட்டிக் கிளியை அழைக்க வேண்டியிருந்தது. இதுவரை சூரியகாந்தி விதையிலேயே வளர்ந்த மிட்டுவுக்கு மற்ற நேரத்தில் கம்பு, சாமை, ஊறவைத்து முளைகட்டிய பச்சைப்பயறு, கொத்தமல்லித் தழை, முருங்கைக்கீரை என்று மெல்ல மாற்றிக்கொண்டிருந்தோம். உப்பு சேர்ந்த எதுவும், சாக்லேட்டும், அவகாடோவும் கண்ணிலேயே காட்டக்கூடாது. தினைக்கதிரை மட்டும் கிண்ணத்தில் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். அது யாழினி வந்தால்தான் வரும்.

ஆனால் அவள் கையிலிருந்து நேராகக் கொடுக்கவில்லை. பாதிக் கொட்டாங்குச்சியைத் தேய்த்து வழவழப்பாக்கி, இரண்டு துளையிட்டு, கம்பியால் கூண்டின் வெளிப்பக்கம் அவள் தோள் உயரத்தில் கட்டினேன். உள்ளிருந்து அலகு எட்டும், விரலை நுழைக்கத் தேவையிருக்காது. அவள் மெல்ல நடந்து வந்து, சுண்டுவிரல் நீளத் தினைத் துண்டை அதில் போட்டுவிட்டு, நிற்காமல் இரண்டு டைல் பின்னால் போய்விட வேண்டும். குழந்தைக்கு இதுதான் மிகக் கடினம். போட்டது எதற்கு, அவன் தின்பதைப் பார்ப்பதற்குத்தானே! என்றாலும் பயந்த பறவைக்குத் தினையைவிடப் பெரிய பரிசு அவள் விலகிப்போவதுதான். வருகிறவள் போய்விடுவாள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான், அவள் வருவதை அது பொறுத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் அவள் மூன்றாவது டைலுக்குப் போன பின்தான் இறங்கி வந்தான். ஐந்தாம் நாள் அவள் திரும்பி நடக்கும்போதே வந்தான். எட்டாம் நாள், அவள் காலடி கேட்டதும் கொட்டாங்குச்சிக்கு எதிரே வந்து காத்திருந்தான்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தவள் நான். 38-ஆம் நாள் சாயங்காலம், ஊரிலிருந்து என் தங்கை வீடியோ அழைப்பில் வந்தாள். பறவையைக் காட்டு, யாழினி தீனி கொடுப்பதைக் காட்டு என்று அந்தப் பக்கம் நாலைந்து பேர். அலைபேசியைக் கூண்டின் மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, இன்னைக்கு மட்டும் கையிலயே குடு, ஒண்ணும் பண்ணமாட்டான்" என்று சொல்லிவிட்டேன். அவள் தயங்கினாள். கொண்டை படிந்திருக்கிறது என்றும் சொன்னாள். அது என் காதில் விழுந்தது, நான்தான் பொருட்படுத்தவில்லை. கம்பி வழியாக நீட்டிய விரலை மிட்டு கவ்விப் பிடித்தான். அவள் அலறிக் கையை இழுத்ததில், தோல் லேசாகக் கிழிந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு ஐந்து நிமிடம் கழுவினோம். ஊசி போட வேண்டாமா என்று அம்மா பதறினார். வெறிநோய் பாலூட்டிகளுக்கு வருவது, பறவைகளிடமிருந்து பரவுவதில்லை. டெட்டனஸுக்கும் சேர்த்துப் போடும் ஐந்து வயதுத் தடுப்பூசியும் ஏற்கெனவே போட்டிருந்தது என்பதால், எங்கள் குழந்தை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, காயத்தை மட்டும் கவனித்தோம். இரண்டு நாளில் அது ஆறிவிட்டது. ஆறாதது வேறு. யாழினி கூடத்துக்கு வருவதையே தவிர்த்தாள். சுவரில் ஒட்டிய கொண்டை அட்டையின் மேல் கருப்பு க்ரேயானால் கோடு போட்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பறவை கெட்டது செய்யவில்லை என்றோ அவள் பயப்படக் கூடாது என்றோ சொல்லவில்லை. "நீ கொண்டை படிஞ்சிருக்குன்னு சரியாத்தான் சொன்ன, அம்மாதான் கேக்கல" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீதான் ஒரு டைல் பின்னால போகணும்" என்றாள். போனேன். அடுத்த ஒரு வாரம் தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது தவிர நான் கூண்டருகே நிற்கவில்லை.

வீடியோ அழைப்புக்குக் கூண்டருகே அன்றோடு தடை. யாழினி தானாகவே ஆறாம் நாள் பாயை எடுத்து மூன்றாவது டைலில் விரித்தாள். நான் அழைக்கவில்லை, அழைத்திருந்தால் இன்னும் பத்து நாள் ஆகியிருக்கும் என்றே நினைக்கிறேன். அங்கிருந்து மீண்டும் கொட்டாங்குச்சிக்கு வரும்போது 50-ஆம் நாள். மிட்டு அவளை மறக்கவில்லை. கடித்ததற்குப் பிறகு அவன்தான் வேகமாகத் திரும்பி வந்தான். அவளுக்குத்தான் கால் தயங்கியது. கடி எவ்வளவு வலிக்கும் என்ற கற்பனை வளர்ந்துகொண்டே போவதைப் பார்த்து, துணி கிளிப் ஒன்றை என் விரலில் மாட்டிக்கொண்டு காட்டினேன். தன் விரலிலும் மாட்டிப் பார்த்து, "இதவிடக் கொஞ்சம் கூட" என்று அளந்து சொன்னாள். அளவு தெரிந்ததும் பயம் பாதியாயிற்று.

இம்முறை கைக்கும் அலகுக்கும் நடுவே ஒரு குச்சியை வைத்தோம். ஓர் அடி நீள மூங்கில் குச்சியின் நுனியைக் கம்பிக்கு வெளியே காட்டுவாள். மிட்டு ஆர்வத்தில் வந்து அலகால் தொட்டவுடன் "சரி" என்று சொல்லி, கொட்டாங்குச்சியில் நாலு மணி தினை போடுவாள். "சரி" என்ற சொல்லும் தொட்ட கணமும் ஒன்றாக வர வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் எதற்காகத் தினை வந்தது என்று பறவைக்குப் புரியாது. முதல் நாள் அவள் சந்தோஷத்தில் "சரி சரி சரி" என்று மூன்று முறை சொன்னதில் அவன் குழம்பி நின்றான். மூன்று நாளில் இருவருக்கும் பிடிபட்டது. குச்சி இடப்பக்கம் போனால் இடப்பக்கம், மேலே போனால் மேலே என்று பின்னாலேயே வந்தான். அவன் வர விரும்பாதபோது கொய்யாக் கிளையிலேயே உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். குச்சியை நீட்டித் துரத்தக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கூண்டுக்கு வெளியே வந்து கையில் ஏறுவதற்கு முன், கம்பில் ஏறப் பழக்கினோம். முக்கால் அங்குலக் கொய்யாக் கிளையை ஒன்பது அங்குல நீளத்துக்கு வெட்டி, அதன் நடுவே குறுக்காக ஒரு கைப்பிடியை ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். யாழினி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம். இங்கேதான் நான் எதிர்பாராத சிக்கல் வந்தது. கிளி புதிய இடத்தில் காலை வைப்பதற்கு முன், நாம் ஏணியை ஆட்டிப் பார்ப்பதுபோல், அலகால் பிடித்து உறுதி பார்க்கும். மிட்டு அலகைத் திறந்து கம்பை நெருங்கியதும், போன கடி நினைவுக்கு வந்து அவள் கம்பை இழுத்துவிடுவாள். இழுத்தால், இது நம்பத்தகாத கிளை என்று அவன் முடிவு செய்துவிடுவான். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் அவன் கம்பைப் பார்த்தாலே பின்வாங்கத் தொடங்கினான்.

அதனால் பறவையை விட்டுவிட்டு ஒரு வாரம் குழந்தையின் கையைப் பழக்கினோம். பள்ளி விளையாட்டு விழாவில் ஓடும் எலுமிச்சை-கரண்டிப் பந்தயம்தான் கைகொடுத்தது. முதலில் கரண்டியில் எலுமிச்சை வைத்துக் கூடத்தைச் சுற்றி நடந்தாள். பிறகு அதே பழத்தைக் கம்பின் மேல் ஒரு சிறு மூடியை ஒட்டி அதில் வைத்து நின்றாள். அடுத்ததாக நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அலகுபோல் வைத்துக் கம்பைக் கவ்வி ஆட்டுவேன். பழம் விழக் கூடாது. அம்மாவும் சேர்ந்துகொண்டு, வளையல் குலுங்கக் கம்பைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். "அம்மாயி, நீ கடிக்கற மாதிரி அவன் கடிக்கமாட்டான்" என்று யாழினி குறைப்பட்டுக்கொண்டாலும், வார முடிவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள்.

அக்டோபர் தொடக்கத்தில், 84-ஆம் நாள் காலை. ஃபேன் நின்றது, ஜன்னல்கள் மூடின, குளியலறைக் கதவும் மூடியது. கூண்டுக் கதவைத் திறந்து நான் மூன்றாவது டைலுக்குப் போய் உட்கார்ந்தேன். யாழினி கதவுக்கு வெளியே கம்பை நீட்டினாள். மிட்டு வாசல் விளிம்பில் வந்து நின்றான். கொண்டை ஆணியாக எழுந்து, பாதி இறங்கியது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கம்பையும், மறுபடி சாய்த்து அவள் முகத்தையும் பார்த்தான். அலகைத் திறந்து கம்பைக் கவ்வினான். அவள் விரல் கணுக்கள் வெளுத்தன, கம்பு அசையவில்லை. வலது காலைத் தூக்கி வைத்து, எடுத்து, மீண்டும் வைத்தான். பிறகு இடது கால். 90 கிராம் பறவை கம்பில் ஏறியதில் அவள் கை ஒரு நூல் தாழ்ந்தது. அவள் "சரி" என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டது. பத்து நொடிக்குள், நாங்கள் பேசி வைத்தபடி, அவனாகக் கேட்பதற்கு முன்பே கம்பைக் கூண்டு வாசலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

அதன்பின் நடந்தவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கம்பிலிருந்து முழங்கைச் சட்டைக்கும், சட்டையிலிருந்து தோளுக்கும் அவனே பாதை கண்டுபிடித்தான். முத்தம் கொடுப்பதும், வாயிலிருந்து எதையும் ஊட்டுவதும் கிடையாது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தலையைக் குனிந்து கொண்டையைச் சிலிர்த்து அவனாகக் கேட்டால் மட்டும் தலையிலும் கன்னத்திலும் தடவலாம், முதுகைத் தொடக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடத்தில் இல்லாமல் கூண்டுக் கதவு திறக்காது என்பது இன்றும் மாறவில்லை.

ஓர் இரவு மின்சாரம் போய்ச் சிறு விளக்கு அணைந்தபோது, இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் அடித்துக்கொண்டான். காக்கட்டீல்களுக்கு இந்த இரவுப் பயம் அதிகம். வால் இறகு இரண்டு உதிர்ந்தன. விளக்கை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றினோம், கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மூடி ஒரு பக்கத்தைத் திறந்து வைக்கிறோம். தீபாவளிக்கு இரண்டு நாள் கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய், யாழினி பழக்கத் தொடங்கிய வாரத்தில் படித்த அதே படக்கதையை மீண்டும் படித்தாள். வெடிச் சத்தத்தில் கொண்டை ஆணியாகவே நின்றதென்றாலும், தினையை விடவில்லை. பண்டிகை முடிந்தபின் மீண்டும் இரண்டாவது டைலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்த முறை நாலே நாள்.

இப்போது எடை 92 கிராம். குக்கர் விசிலைப் போலவே சீட்டியடித்து, அடுப்பை அணைக்க அம்மாவை ஓட வைக்கிறான். அம்மாவின் சிவப்புக் கண்ணாடி வளையல் குலுங்கினால் இன்னும் கொண்டை படிகிறது. கூண்டருகே வரும்போது அவர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். கீழ்த் தளத்துப் பையன் போன வாரம் பறவையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்தான். யாழினி அவனைக் கைப்பிடித்து அழைத்துப்போய் நான்காவது டைலில் உட்கார வைத்து, சுவரில் புதிதாக வரைந்து ஒட்டியிருக்கும் அட்டையைக் காட்டி, முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் இரண்டு நிமிடம் பொறுமையாக இருந்துவிட்டு, சலித்துப்போய் எழுந்து ஓடினான். "அவன் நாளைக்கு வருவான்" என்று மிட்டுவிடம் சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி வைத்தாள்.